குப்புற வைத்த கோதுகள்

நவம்பர் 4, திங்கள்

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இன்று நான் பரீட்சையில் கள்ளத்தனம் செய்து பிடிபட்டேன். அதுவும் என் பரீட்சை அல்ல, என் மனுசனுடைய பரீட்சை.

நினைவுச் சோதனைக்குப் போயிருந்தோம். இங்குன் என்ற நர்ஸ், என் மகளின் வயதுதான் இருக்கும், "இன்றைக்கு என்ன தேதி?" என்று அவரைக் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். நான் அவளுக்குப் பின்னால் இருந்த கதிரையில் இருந்துகொண்டு ஐந்து விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் "ஐந்து" என்றார். இன்றைக்கு நாலு. அவள் திரும்பிப் பார்த்தபோது என் கை இன்னும் மேலேதான் நின்றது. காதைச் சொறிகிற மாதிரிச் செய்தேன். ஐந்து விரலாலும் காது சொறிகிற ஆளை அவள் இன்றுதான் கண்டிருப்பாள்.

பிறகு மணிக்கூடு வரையச் சொன்னாள். பன்னிரண்டு எண்களையும் அவர் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டார். "முப்பது வருசம் மீன் தொழிற்சாலையில் பின்னேர வேலை. காலைப் பக்கம் இவருக்குத் தெரியாது" என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினாள்.

வீட்டில் இரண்டு பிஸ்டல் இருப்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கொப்பியைத் தந்து, அவர் எதை எதை மறக்கிறார் என்று நாளாந்தம் எழுதிக்கொண்டு டிசம்பர் பதினாறாம் தேதி வரச் சொன்னாள். அதைப் பார்த்துத்தான் டொக்டர் பொலிசுக்குக் கடிதம் எழுதுவாராம், துவக்கு வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று. நான் படித்தது நாலாம் வகுப்பு. தமிழில் எழுதினால் போதும், மகள் மொழிபெயர்ப்பாள் என்றாள்.

நாலாம் வகுப்புக்காரிக்கு வந்த வேலை.

நவம்பர் 5

இன்று ஒன்றும் மறக்கவில்லை. மீன் பொரித்தேன்.

நவம்பர் 9, சனி

சனிக்கிழமை ரவை செய்கிற நாள். இங்கே, நோர்வேயின் வடக்குத் தொங்கலில், மற்றவர்கள் சனிக்கிழமை கேக் அடிப்பார்கள். நாங்கள் நிலவறைக்குள் இறங்கி ரவை செய்வோம், துவக்குக்குப் போடுகிற ரவை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறிவதில்லை. கழுவி, அமத்தி, வெடிமருந்து போட்டு, மேலே ஈயத்தைச் செருகினால் மறுபடி ரவை. எங்கள் பிரெஸ், கோதை அமத்துகிற இயந்திரம், பழையது. ஒரு கைபிடி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் செய்யும். மருந்து போடுவது அவர், ஈயம் செருகுவது நான்.

துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசன், இங்கே வந்து துவக்கு வாங்கினார். அதைச் சொல்லி நான் பகிடி பண்ணாத வருசம் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் இவர் நாற்பத்தோராம் நம்பர் மேலங்கி. குறிபார்த்துச் சுடுகிற கிளப்பில்தான் இவருக்குப் பெயர் இருக்கிறது. குணசிங்கம் என்று சொல்ல வராமல் "சிங்கா" என்பார்கள். "சிங்காவின் ரவை" என்றால் நம்பிச் சுடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். இவருடைய கூட்டாளி ஸ்டைநார், எழுபது வயது, வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர், வேறு யாருடைய ரவையையும் தொடமாட்டார்.

எங்கள் மேசையில் ஐம்பது குழி உள்ள மரப்பலகை இருக்கிறது. மருந்து போடாத கோது அதில் குப்புற நிற்கும். போட்டது நிமிர்ந்து நிற்கும். இது என் சட்டம். நானும் அதே தொழிற்சாலையில்தான், மீன் துண்டு சீவுகிற மேசையில் நிற்கிறவள். அங்கே முடிந்த துண்டை நிமிர்த்தி வைப்போம். இவர் நின்ற தலைவெட்டுப் பகுதியில் எல்லாம் எதிர்மாறு. நிமிர்ந்து கிடந்தால் இனித்தான் வெட்டவேண்டிய மீன், வெட்டினது குப்புற. கலியாணம் முடித்த பிறகு நாங்கள் பிடித்த மிகப் பெரிய சண்டை இதுதான். நான் வென்றேன். இருபது வருசமாக நிலவறையில் என் ஆட்சி.

இன்று ஈயத்தைச் செருகப் போனபோது நிமிர்ந்து நின்ற மூன்று கோதுக்குள் ஒன்றும் இல்லை.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை மருந்து எங்கை?"

"உதுகளுக்கு இனித்தானே போடவேணும். அதுதானே நிமித்தி வைச்சிருக்கிறன்."

"என்ன, இண்டைக்குத் தலை வெட்டுறியளோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றையும் குப்புற வைத்தேன். இனி ஒவ்வொன்றுக்குள்ளும் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துத்தான் செருகுவேன்.

மறதி: இல்லை. பகிடி: ஒன்று.

நவம்பர் 12, செவ்வாய்

அவர் புதுப் பிரெஸ் வாங்கப்போகிறார். புரோகிரெசிவ் பிரெஸ் என்று பெயர். தட்டு ஒன்று சுற்றும், கோதுகள் அதில் வரிசையாக நிற்கும், கைபிடியை ஒருதரம் இழுத்தால் எல்லாக் கோதுக்கும் ஒவ்வொரு வேலை நடந்து, கடைசியில் முடிந்த ரவை ஒன்று விழும். மணிக்கு நானூறு. கடைக்காரன் அனுப்பிய புத்தகத்தில் மூன்று படம் இருந்தது. நீலம், பச்சை, சிவப்பு. ஸ்டைநாரும் வந்திருந்தார். மேசையில் மூன்று படத்தையும் விரித்துக்கொண்டு இரண்டு கிழவர்கள்.

"பொம்பிளை பாக்கிற மாதிரிக் கிடக்கு. பச்சை கொஞ்சம் கறள் பிடிச்ச ஆள் போலை" என்றேன்.

"நீர் சும்மா இரும்" என்றார் அவர். "சிவப்பிலை தட்டுத் தானாச் சுத்துமாம். பச்சையிலை நாங்கள்தான் சுத்தவேணும்."

"சிவப்பையே கட்டுங்கோ. பச்சையைக் கட்டினால் நான்தான் பின்னாலை நிண்டு சுத்தவேணும்."

நோர்வே மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் நீதான், அரசனுக்கு மட்டும்தான் மரியாதை. ஆகவே ஸ்டைநார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிங்கா, நான் மாதத்துக்கு நூறுதான் சுடுகிறேன். நானூறை வைத்து நான் என்ன செய்வேன்?"

"ஊறுகாய் போடு" என்றேன்.

ஸ்டைநார் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் விடுகிற பகிடி அல்ல அது. போகும்போது வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டு, என்னிடம் மட்டும், "பழையதே போதும், மலர். மெதுவாகவே இருக்கட்டும்" என்றார்.

"உனக்குப் பொறாமை" என்றேன்.

"இருக்கலாம்" என்று இன்னும் கொஞ்சநேரம் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குச் சிவப்புத்தான். அதில் ஒரு மணி உண்டு. மருந்து இல்லாமல் ஒரு கோது வந்தால் அடிக்குமாம். மணி அடித்தால் நான் ரோச் பிடிக்கத் தேவையில்லை. ரோச் பிடிக்கத் தேவையில்லை என்றால் இந்தக் கொப்பியிலும் எழுத ஒன்றும் இருக்காது. டிசம்பர் பதினாறு வரும், போகும்.

நவம்பர் 16

மகள் ஆரணி ஒஸ்லோவிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். அவர் ரெலிபோனை வாங்கி, "பிள்ளை, சோதனை எப்பிடி எழுதினனி?" என்று கேட்டார். அவள் படிப்பு முடித்து ஏழு வருசம். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அம்மா, அந்தக் கொப்பியிலை எழுதுறியளோ?"

"எழுதுறன்."

"என்ன எழுதினனீங்கள்?"

"மீன் பொரிச்சது."

"அம்மா, நான்தான் அதை மொழிபெயர்க்கிறது" என்றாள்.

"உனக்குத் தமிழ் மறந்துபோகாமல் இருக்கட்டும்" என்றேன்.

நவம்பர் 20

இன்றோடு சூரியன் போய்விட்டது. இனி ஜனவரியில்தான் வரும். அவர் இரண்டு தடவை காலைச் சாப்பாடு சாப்பிட்டார். பகலும் இருட்டாக இருந்தால் யாருக்கும் அப்படித்தான்.

நவம்பர் 23, சனி

சிவப்புப் பிரெஸ் இன்னும் வரவில்லை. புயல் என்று கப்பல் நிற்கிறதாம். டிசம்பர் ஏழில் கிளப்பின் பெரிய போட்டி. ஸ்டைநாருக்கு நூறு ரவை வேண்டும். பழைய பிரெஸ்ஸில்தான் செய்தோம். இரண்டு பலகை.

முதல் பலகை சரி. ஒவ்வொன்றாக ரோச் அடித்துப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீர் என்ன, கோதுக்குத் தொண்டை நோவோ?" என்று கேட்டார். பகிடியில் நான் தோற்ற நாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இரண்டாம் பலகை நடக்கும்போது ரெலிபோன் அடித்தது. தொழிற்சாலை. ஞாயிறு வேலைக்கு ஆள் காணாதாம். மேலே போய்க் கதைத்துவிட்டு வர பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் ஐம்பது கோதும் நிமிர்ந்து நின்றன. அவர் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் போட்டாச்சு."

"வடிவாப் போட்டனீங்களோ?"

"என்ன கேள்வி இது. நிமிந்துதானே நிக்குது."

ரோச் மங்கிவிட்டது. பற்றரி முடிகிற வேளை, கோதுக்குள் பிடித்தால் மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும். நாலு வரிசை பார்த்தேன். ஐந்தாவதும் பார்த்த மாதிரித்தான். அவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈயத்தைச் செருகினேன்.

நாளைக்குப் பற்றரி வாங்கவேண்டும்.

நவம்பர் 30

ஸ்டைநார் வந்து இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். ஆளுக்குக் காய்ச்சல், முகம் சிவந்திருந்தது. ஏன் இவ்வளவு அவசரம், கொண்டு வந்து தருவோமே என்று கேட்டேன். "வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது" என்றார். காய்ச்சலோடு என்ன வேலையோ. மிளகு ரசம் போத்தலில் கொடுத்துவிட்டேன்.

பற்றரி வாங்கினேன்.

டிசம்பர் 7

போட்டி. நான் கோப்பி மேசையில் நின்றேன். மீன் வைத்த பற்றிஸ் நூற்றிருபது பொரித்துக் கொண்டுபோனேன்.

ஸ்டைநார் விரைவுச் சுற்றில் சுட்டார். பத்துச் செக்கனில் ஐந்து வெடி. மூன்றாவது வெடி சின்னதாகக் கேட்டது, சோடாப் போத்தல் திறந்த மாதிரி. காதில் மூடி போட்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் கையில் கோப்பிக் கேத்தலோடு நின்றேன். மருந்து இல்லாத ரவையில் அடியிலுள்ள சின்னப் பொட்டு மட்டும் வெடித்து, ஈயத்தைக் குழலுக்குள் பாதி வழியில் விட்டுவிடும், அதற்குப் பின்னால் அடுத்தது வந்தால் குழல் தாங்காது. இருபது வருசமாக எனக்குத் தெரிந்த விசயம். வாயைத் திறந்தேன். நாலாவது வெடித்தது.

இடக்கையில் இரண்டு விரல். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

முதலில் ஓடியது என் மனுசன்தான். சால்வையைக் கழற்றிக் கையைக் கட்டினார். கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். விரல்களைத் தேடி எடுத்ததும் அவர்தான். குளிர்ப்பெட்டிக்குள் இருந்த சோடாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, விரல்களை ஐஸில் வைத்து மூடினார். தொழிற்சாலையில் பழகினது. ஒரு இடத்திலும் அவர் கை தடுமாறவில்லை. இங்குன் அந்த நேரம் வந்து பார்த்திருக்கவேண்டும்.

பற்றிஸ் மிஞ்சிவிட்டது. அறுபத்தெட்டு.

டிசம்பர் 8

காலையில் அவர், "ஸ்டைநார் வெண்டவரோ?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கதிரையில் இருந்து அழுதார். மத்தியானம் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அழுதார், முதல் தடவை கேட்கிற மாதிரியே. மூன்றாம் தடவை கேட்டபோது, "ஓமோம், வெண்டவர்" என்றேன்.

மிஞ்சின பற்றிஸை அவர் ஐந்து சாப்பிட்டார். உறைப்புக் காணாது என்றார்.

டிசம்பர் 9

பொலிஸ் ரெலிபோன் எடுத்தது, நேரில் பார்த்தவர்களை விசாரிக்கிறார்களாம். என்ன கண்டேன் என்று கேட்டான், சொன்னேன். ரவை யார் செய்தது என்று நான் யோசித்து வைத்திருந்த கேள்வியை அவன் கேட்கவில்லை. "அவரே செய்த ரவைதான் என்று ஸ்டைநார் சொல்லிவிட்டார்" என்றான்.

நல்ல நாளாக இருக்கட்டும் என்றான். உங்களுக்கும் என்றேன்.

டிசம்பர் 10

சிவப்புப் பிரெஸ் வந்தது. அவர் பெட்டியை உடைத்த விதத்தைப் பார்க்கவேண்டும். பழையதைக் கழற்றிவிட்டு மேசையில் பூட்டினார். மூன்று ஆணியையும் இறுக்கி முடிய நான் கைதட்டினேன். "மூண்டு முடிச்சும் போட்டாச்சு, இனி நான் இந்த வீட்டிலை யார்?"

"நீர் மூத்தவர்" என்றார்.

எல்லாம் தானாகத்தான் சுற்றுகிறது. மணியும் நன்றாக அடிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஸ்டைநாருக்கு ஒரு முந்நூறு செய்து வைப்பம். போட்டி வருகுதெல்லோ."

மருந்துப் போத்தல் எங்கே என்று தேடினார். காணவில்லை என்றேன். அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனி அரிசி எடுப்பது நான் ஒருத்திதான்.

டிசம்பர் 12

வேலை முடிந்து ஸ்டைநார் வீட்டுக்குப் போனேன். ரசம் கொண்டுபோனேன். கை முழங்கை வரை வெள்ளையாகச் சுற்றியிருந்தது. ஒரு விரல் ஒட்டும் என்கிறார்களாம், மற்றது இல்லை.

கதிரையில் இருக்கமுன்னமே சொல்லிவிட்டேன். "பொலிசுக்கு ஏன் பொய் சொன்னாய்? அது எங்கள் ரவை. இரண்டாவது பலகை. கடைசி வரிசைக்குள் நான் பார்க்கவில்லை. ரோச் மங்கல். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பார்த்த மாதிரி நின்றேன். அவருக்கு மறதி. எனக்கு ஒரு வருசமாகத் தெரியும்."

"எனக்கு ஒன்றரை வருசமாகத் தெரியும்" என்றார் ஸ்டைநார்.

என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய நிலவறையிலும் எங்களுடையதைப் போலவே பழைய பிரெஸ். பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் சுத்தியல். ரவையை அதற்குள் வைத்து நிலத்தில் அடித்தால் ஈயம் கழன்று வரும், தவறான ரவையை உடைக்கிற சாமான். அதன் தலை தேய்ந்து வெளிறிப்போயிருந்தது.

"போன வருடம் வசந்தத்தில் ஒன்றுக்குள் மருந்து இரண்டு மடங்கு இருந்தது. அதற்குப் பிறகு சிங்கா தந்த எல்லாவற்றையும் இங்கே கொண்டு வந்து உடைத்தேன். மருந்தைக் கொட்டிவிட்டு மறுபடி நான் செய்தேன். நூறு ரவைக்கு இரண்டு நாள் பிடிக்கும்."

"எல்லாவற்றையும்?"

"எல்லாவற்றையும். ஒன்றரை வருடமாக நான் சுட்டது என்னுடைய ரவை. பொலிசுக்குச் சொன்னது பெரும்பாலும் உண்மைதான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். காய்ச்சலால் இந்தத் தடவை ஒரு பெட்டிதான் உடைத்து முடிக்க முடிந்ததாம். மற்றதைச் சுடாமல் விடத்தான் நினைத்தாராம். போட்டியில் தன்னுடைய ஐம்பதும் முடிய, இன்னும் ஐந்து ரவை தேவைப்பட்டது.

"ஐந்தே ஐந்து" என்றார்.

"ஏன் ஒருக்காலும் சொல்லவில்லை?"

"சொன்னால் சனிக்கிழமைகளில் அவன் என்ன செய்வான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மணிக்கு நானூறு என்றதும் இந்த மனிசன் ஏன் அப்படி முகம் கறுத்தார் என்று. நானூறு ரவையை உடைக்க எட்டு நாள் வேண்டும்.

ரசத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வழி முழுக்க ஒரு பகிடியும் வரவில்லை.

டிசம்பர் 14, சனி

நிலவறைக்குப் போகவில்லை. திறப்பு தொலைந்துவிட்டது என்று சொன்னேன். என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

இங்குன், இது உனக்கு. ஆரணி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்.

நவம்பர் 5 அன்று மீன் பொரித்தேன் என்று எழுதினேன். அடுப்பை நூர்க்க மறந்தது அவர், மீன் கருகிவிட்டது. நவம்பர் 7 அன்று தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வாசலில் நின்றார், ஓய்வெடுத்து இரண்டு வருசம். அங்கே நின்றவர்கள் கோப்பி கொடுத்து அனுப்பினார்கள். 14 அன்று குளிசையை இரண்டு தடவை போட்டார். 18 அன்று என்னை அக்கா என்று கூப்பிட்டார். அவருடைய அக்கா ஷெல் விழுந்து செத்தது எண்பத்தேழில். நான் "என்ன தம்பி" என்று கேட்டேன், அவர் சந்தோசப்பட்டார், அதனால் அன்று முழுக்க அக்காவாகவே இருந்தேன். 26 அன்று காரை விட்டுவிட்டு நடந்து வந்து, காரைக் களவு எடுத்துவிட்டார்கள் என்றார். 9 அன்று வெறுமையாக நிமிர்ந்து நின்ற கோதுகள் மூன்று அல்ல, பதினொன்று. அது முதல் தடவையும் அல்ல.

இரண்டாவது பலகையின் ஐந்தாம் வரிசையை நான் பார்க்கவில்லை. அது அவருடைய மறதி அல்ல. அதை என் கணக்கில் எழுதவும்.

டிசம்பர் 16, திங்கள்

ஆரணிக்கு அனுப்ப நேரம் இருக்கவில்லை. நானே கொப்பியை விரித்து, எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் வாசித்தேன். இங்குன் ஒரு இடத்திலும் குறுக்கே கதைக்கவில்லை. அவர் பக்கத்துக் கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். நாலாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரியே எனக்குக் குரல் வந்தது.

முடிந்ததும் இங்குன் அவரைப் பார்த்து, "இதெல்லாம் நடந்ததா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் அவர். "ஆனால் மலர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது."

இங்குன் என்னைப் பார்த்தாள். நான் காதைச் சொறிந்தேன், ஒரு விரலால்.

டிசம்பர் 18

பொலிஸ் வந்தது. இரண்டு பேர், நல்ல பிள்ளைகள், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள். பிஸ்டல் இரண்டும், இருந்த ரவை எல்லாமும் எடுத்தார்கள். அவர் தானே பெட்டகத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, பிடி அவர்கள் பக்கம் இருக்கிற மாதிரிக் கொடுத்தார். அதில் ஒன்றையும் மறக்கவில்லை. வெடிமருந்துப் போத்தலை நான் அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒருவன் ஊதிவிட்டுப் பைக்குள் வைத்தான்.

ஸ்டைநாரின் விசயத்தையும் அவர்களுக்குச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். தையில் கூப்பிடுவார்களாம்.

சிவப்புப் பிரெஸ்ஸை என்ன செய்வது என்று கேட்டேன். அது வெறும் இரும்புதானே, இருக்கட்டும் என்றார்கள். வெற்றுக் கோதுகளையும் விட்டுவிட்டார்கள்.

போன பிறகு அவர் கேட்டார்: "ஆர் உந்தப் பொடியள்?"

"ஆரணியின்ரை சிநேகிதர்."

"நல்ல பொடியள். என்னத்துக்கு வந்தவை?"

டிசம்பர் 25

ஒன்றும் இல்லை. இருட்டு.

ஜனவரி 25, சனி

சூரியன் இரண்டு நாளாக மலைக்கு மேலே கொஞ்சம் தலை காட்டுகிறது. ஒரு தேங்காய்ப் பாதி அளவு.

ஸ்டைநார் வந்தார். ஒட்டின விரல் மடியாதாம். சனிக்கிழமை என்றால் வருகிறார், நிலவறையில் பழைய கதிரையில் இருக்கிறார். ஏன் கை அப்படி இருக்கிறது என்று என் மனுசன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். ஸ்டைநார் ஒவ்வொரு தடவையும் "எஞ்சின்" என்கிறார். "நீ எப்பவும் கவனமில்லாமல்தான் வேலை செய்வாய்" என்று அவர் ஒவ்வொரு தடவையும் ஏசுகிறார். ஸ்டைநார் தலையை ஆட்டுகிறார்.

திறப்பை நான்தான் மறுபடி கண்டெடுத்தேன். ஈயம் இல்லை, மருந்து இல்லை. வெற்றுக் கோதுகளைத் தட்டில் வைத்து அவர் கைபிடியை இழுக்கிறார். தட்டுத் தானாகச் சுற்றுகிறது, மணி அடிக்கிறது, கோது மறுபக்கம் விழுகிறது. அதை எடுத்து நான் பலகையில் வைக்கிறேன். எல்லாவற்றையும் குப்புறத்தான் வைக்கிறேன்.

"இஞ்சாரும், மருந்து முடிஞ்சுது போலை. மணி அடிக்குது."

"திங்கட்கிழமை வாங்குவம்."

"மறந்துபோவீர். எழுதி வையும்."

"எழுதி வைக்கிறன்."

பதினேழாவது கோதிலோ பதினெட்டாவது கோதிலோ அவருடைய சட்டைக் கைப் பொத்தான் கைபிடியில் மாட்டுப்பட்டு அறுந்தது. தட்டில் விழுந்து ஒரு கோதின் வாயில் போய் நின்றது. அவர் அதைக் காணவில்லை, இழுத்தார். பொத்தான் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே விழுந்த கோதை ஸ்டைநார் நல்ல கையால் எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, வீட்டில் உடைத்து எடுத்துவந்து தருகிறேன் என்று பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார்.

தைக்கவேண்டியது: நீலச் சட்டை, வலக்கை. நாலு துளைப் பொத்தான்.